ஒன்பதாம் கட்டில்

தம்பி,

நீ அனுப்பிய ஒரு பக்கத்தை மூன்று முறை படித்துவிட்டேன். போனிலேயே "நல்லா இருக்கு" என்று இரண்டு வார்த்தை தட்டிவிட்டிருந்தால் உன் வேலை முடிந்திருக்கும். நீயும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பாய். வரும் மாதம் முதல் தேதி பினாங்கில் விரிவுரையாளராகச் சேரப்போகிறாய். அதற்குள் துறையின் இணையப் பக்கத்தில் உன் படத்துக்குக் கீழே 'ஆய்வு ஆர்வங்கள்' என்று நாலு வரி போட வேண்டும், அம்மா ஒரு தடவை பார்த்துக் கொடுத்தால் போதும் என்று கேட்டிருந்தாய். முதல் மூன்று வரியில் ஒரு குறையும் இல்லை. உயிரணுவுக்குள் புரதங்கள் எப்படி இடம் மாறுகின்றன என்று நீ எழுதியிருப்பது, உன் வயதில் நான் எழுதியதைவிடத் தெளிவாக இருக்கிறது. நாலாவது வரிக்கு வந்தபோதுதான் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. 'ஜொகூரில் ஒரு நோயாளியிடமிருந்து உருவாக்கப்பட்ட ஜே-9 நுரையீரல் புற்று உயிரணுக்களைக் கொண்டு, அவை மருந்துக்கு அடங்காமல் போவதற்கான காரணத்தை ஆராய்வது' என்று எழுதியிருக்கிறாய். அதன் ஓரத்தில் எனக்கு மட்டும், "இது அப்பாவுக்காகம்மா" என்று ஒரு குறிப்பு.

அந்த வரியை எடுத்துவிடு. ஜே-9 உன் அப்பா இல்லை. பதினெட்டு வருஷமாக இல்லை. அது எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். பூசி மெழுகிப் பேச எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். மீதியை உட்கார்ந்து படி. உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சில இடத்தில் பாடம் நடத்துகிற மாதிரி விளக்கியிருப்பேன், பொறுத்துக்கொள். இந்தக் கடிதத்தை உன்னோடு சேர்த்து வேறு பலரும் படிக்கப்போகிறார்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அப்பாவின் கடைசி மாதங்களில் உனக்குப் பதின்மூன்று வயது. சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வெல்டர் வேலை, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து போய் இருட்டின பிறகு வருகிற மனிதர், சிகரெட்டைத் தொட்டதில்லை. அவருக்குப் போய் நுரையீரல். இங்கே ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நம்பர் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு முட்டும், ஊசி போட்டு நீரை இறக்குவார்கள். குப்பைக்குப் போகிற அந்த நீரில் புற்று உயிரணுக்கள் உயிரோடு மிதக்கும். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியும் சொல்லிக்கொள்ள ஒரு ஆய்வு இல்லாமல் கிடந்தவள். இந்த ஊர்க்காரர் ஒருவருடைய நுரையீரல் புற்றிலிருந்து எடுத்து, ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து வளர்கிற ஒரு உயிரணு வகையை உருவாக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அதற்கு முன்பே இருந்தது. சொந்தப் புருஷன் படுத்திருக்கும்போது அந்த ஆசை வந்து நின்றதே என்று நீ நினைத்தால், நினைத்துக்கொள். நான் அனுமதிப் படிவத்தை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் கூச்சத்தோடு நின்றேன். அவர் படிக்கக்கூட இல்லை, கையெழுத்துப் போட்டார்.

"எடுத்துக்க லா டாக்டரம்மா, அதை வச்சு எனக்கு என்ன வேலை?" என்றார். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "பேரு மட்டும் என் பேரை வைக்காத. நோய்க்கு என் பேரு நிக்க வேணாம். கட்டில் நம்பரைப் போடு" என்றார்.

அப்படித்தான் ஜே-9. ஜொகூர், ஒன்பதாம் கட்டில். முதல் நீரில் கிடைத்ததை நாலு சின்னக் குப்பிகளில் உறைய வைக்கலாம் என்று லேபிள் தாள்களை வார்டுக்கே கொண்டுபோயிருந்தேன். சும்மாதானே படுத்திருக்கிறேன், கொடு நான் எழுதுகிறேன் என்று மார்க்கரை வாங்கி, நாலு தாளிலும் ஒன்பது, ஒன்பது என்று எழுதிக் கொடுத்தார். மீதியைக் குடுவையில் வளர்த்தேன். வளர்ந்தது என்று சொல்வது பெரிய வார்த்தை. சோம்பேறிப் பயல் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற மாதிரி, வாரக் கணக்கில் அசையாமல் கிடந்து, பெருகுவதற்கு மனசே இல்லாமல் இருந்தன. நான் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் ஆய்வுக்கூடத்துக்குப் போவேன். வார்டுக்குப் போனதும் அப்பா கேட்பார், உன் பிள்ளைங்க சாப்பிட்டாங்களா என்று. பத்து வாரம் இப்படி ஓடியது. அப்பா போய்விட்டார். குடுவையில் அவை இருந்தன.

பதினாறாம் நாள் காரியம் உனக்கு ஞாபகம் இருக்கும். வருஷக் கடைசி மழை. கோத்தா திங்கியில் தண்ணீர் ஏறி, அத்தை வீட்டுக்காரர்கள் வந்து சேர முடியவில்லை, அவர்களுக்காகக் காரியத்தைத் தள்ளித் தள்ளி வைத்துக் காத்திருந்தோம். வீடு நிறைய ஆட்கள். எனக்கு உள்ளே ஒரே குடைச்சல், இன்று குடுவைக்கு உணவு மாற்ற வேண்டிய நாள் என்று. மீடியம் என்று நாங்கள் சொல்கிற அந்த இளஞ்சிவப்பு நீர்தான் உயிரணுக்களுக்குச் சாப்பாடு. அதைக் கொண்டுவர வேண்டிய லாரியும் மழையால் வரவில்லை, ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு புட்டிதான் மிச்சம். அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சாவியை எடுத்தேன். மொட்டைத் தலையும் நெற்றி நிறைய விபூதியுமாக நீ வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாய்.

"இன்னைக்குமாம்மா?" என்று கேட்டாய். நான் காரில் ஏறினேன்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு, நான் ஒவ்வொரு வருஷ மாணவர்களுக்கும் முதல் நாளே மண்டையில் ஏற்றுவது. ஒரு புட்டி மீடியம், ஒரு வகை உயிரணு. ஒன்றை முடித்து, மேசையைத் துடைத்து, கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம்தான் அடுத்தது. மெதுவாக வளர்வதை முதலில் தொட வேண்டும், வேகமாக வளர்வதைக் கடைசியில். அன்று மாணவர்கள் எல்லாரும் லீவில் போயிருந்தார்கள். அவர்கள் பழகுவதற்காக வைத்திருந்த ஒரு வகையும் அங்கே பசியோடு இருந்தது. யாரோ ஒரு பெண்ணின் குடல் புற்றிலிருந்து எப்போதோ எடுத்தது, காட்டுத்தனமாக வளரும். அது கைக்கு முன்னால் இருந்தது, அதற்கு முதலில் ஊற்றினேன். நீரை உறிஞ்சி ஊற்றுகிற அதே பிப்பெட்டை மறுபடியும் புட்டிக்குள் விட்டேனா, குடுவையின் வாயில் புட்டி பட்டதா, இன்று வரை எனக்குத் தெரியாது. நீ கேட்ட கேள்விதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதே புட்டியிலிருந்து அப்பாவின் குடுவைக்கு ஊற்றினேன். ஒரே ஒரு உயிரணு போய் விழுந்தால் போதும். அன்றைக்குத் தவிர வேறு எந்த நாளும் அந்த இரண்டும் ஒரே புட்டியைத் தொட்டதில்லை, அதனால் அன்றைக்குத்தான் நடந்திருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்து, கை கழுவி, காரியத்தில் உட்கார்ந்தேன்.

ஐந்தாறு வாரம் கழித்து ஒரு காலையில் குடுவையைப் பார்க்கிறேன், இளஞ்சிவப்பு மஞ்சளாகிக் கிடக்கிறது. உயிரணுக்கள் நிறையப் பெருகிச் சாப்பாட்டைத் தீர்த்தால்தான் அப்படி மாறும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இடைவெளி இல்லாமல் நிறைந்திருந்தன. மாதக் கணக்கில் படுத்துக் கிடந்தது ஒரேயடியாக எழுந்துகொண்டால் எந்த ஆய்வாளருக்கும் சந்தேகம்தான் முதலில் வர வேண்டும். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுதேன். அவருக்குப் போக மனமில்லை, எங்களுக்காகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று, படித்த மடச்சி, நினைத்தேன். அன்று சாயந்திரமே பள்ளிக்கூடத்திலிருந்து உன்னை நேராக அங்கே கூட்டிக்கொண்டு போனேன். ஸ்டூலில் ஏற்றி உட்கார வைத்து, கண்ணை வைத்துப் பார் என்றேன். நீ ரொம்ப நேரம் பார்த்தாய். "அம்மா, அப்பாவுக்கு நான் பாக்கறது தெரியுமா?" என்று கேட்டாய். தெரியும் என்று சொன்னேன்.

நான் உனக்குச் செய்த தீங்கு அதுதான் தம்பி. அறியாமல் செய்தது என்று சப்பைக்கட்டு கட்டலாம், அன்றைக்கு அறியாமல்தான் செய்தேன். ஆனால் நீ உயிரியல் படிக்கப் போனது அந்த ஸ்டூலில் இருந்து இறங்கித்தான். இப்போது நாலாவது வரியில் வந்து நிற்பதும் அங்கேயிருந்து கிளம்பித்தான். நீ பார்த்தது முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் குடல்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் ஏறுமுகம். ஜே-9 பற்றிக் கட்டுரைகள் வந்தன, மூன்று ஆய்வுக்கூடங்கள் கேட்டு வாங்கிக்கொண்டன, என் பக்கத்திலும் 'ஆய்வு ஆர்வங்கள்' என்று போட்டு முதல் வரியிலேயே அதை வைத்தேன். நீ கல்லூரியில் இருந்த சமயம் கலைவாணி என்று ஒரு பெண் என்னிடம் முனைவர் பட்டத்துக்கு வந்தாள். சிம்பாங் ரெங்கம் பக்கம் எஸ்டேட்டில் வளர்ந்தவள், குடும்பத்தில் முதல் முதலில் பல்கலைக்கழகம் மிதித்தவள். வாயைத் திறக்கவே யோசிப்பாள், ஆனால் கண் கூர்மை. மூன்றாவது வருஷம் ஒரு நாள் என் அறை வாசலில் வந்து நின்று, ஜே-9 நுரையீரல் உயிரணு மாதிரியே இல்லை, குடலில் வருகிற புரதம் தெரிகிறது, டி.என்.ஏ. அடையாளச் சோதனை ஒன்று செய்து பார்க்கலாமா என்று கேட்டாள். அது உயிரணு யாருடையது என்று கண்டுபிடிக்கிற சாதாரணச் சோதனை, இரண்டு வாரத்தில் முடிவு வந்துவிடும். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மற்ற மாணவர்கள் முன்னாலேயே கத்தினேன்.

"அவர் யாருன்னு எனக்குத் தெரியும். உன்கிட்ட சர்டிபிகேட் வாங்கணுமா நான்?"

ஜே-9 ஒரு நோயாளியுடையது என்று மட்டும்தான் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். நான் ஏன் அப்படிக் கொதித்தேன் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படிப் புரியும்? ஆனால் அவள் விடவில்லை, தன் ஆய்வறிக்கையில் அந்தச் சந்தேகத்தை ஒரு பத்தியாக எழுதிக்கொண்டு வந்தாள். எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை. அந்த வருஷ அறிக்கையில், முன்னேற்றம் திருப்திகரமாக இல்லை, கைப்பழக்கம் போதாது என்று எழுதினேன். அடுத்த வருஷமும் அதையே எழுதினேன். பட்டம் இல்லாமல் ஊருக்குப் போய்விட்டாள். நான் பொய் எழுதியதாக அப்போது நினைக்கவில்லை. அவளுக்குக் கை சரியில்லை என்று என்னை நானே நம்ப வைத்திருந்தேன்.

நாலு வருஷம் கழித்து ஒரு பத்திரிகை, உயிரணுக்களுக்கு அடையாளச் சோதனை இல்லாமல் கட்டுரையை ஏற்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பியது. உயிரணுக்களைச் சோதனைக்கு அனுப்பினேன். முடிவு வந்தது, பெண் என்று. ஆணின் புற்று உயிரணுக்கள் சில சமயம் ஒய் குரோமோசோமைத் தொலைத்துவிடுவது உண்டு, அப்படித்தான் இருக்கும் என்று ஒரு வாரம் என்னை ஏமாற்றிக்கொண்டேன். அந்தத் தீபாவளிக்கு நீ வீட்டுக்கு வந்திருந்தாய். மாணவர்களுக்குச் செய்துகாட்ட ஒரு மாதிரி வேண்டும், வாயைத் திற என்று பஞ்சுக் குச்சியால் உன் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்தேனே, ஞாபகம் இருக்கிறதா? முறுக்கை வாயில் வைத்துக்கொண்டு நீ சிரித்தாய், வாய் கொப்பளித்துவிட்டு வா என்று திட்டினேன். மகனுக்குப் பாதி அப்பாவிடமிருந்துதான் வர வேண்டும், சோதிக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒன்றாவது பொருந்த வேண்டும். பெரும்பாலான இடத்தில் பொருந்தவில்லை. மாணவர்களின் அந்தப் பழைய குடல் வகையோடு வைத்துப் பார்த்தேன், அச்சாகப் பொருந்தியது.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் வாயைத் திறக்கவில்லை. முதல் வருஷம் இன்னொரு முறை சோதிக்கலாம் என்றேன். அடுத்து, பதவி உயர்வு வரட்டும் என்றேன். அடுத்து, நீ படிப்பை முடிக்கட்டும், பாதியில் உன் மனசை உடைக்க வேண்டாம் என்றேன். உன் பெயரைச் சொல்லித்தான் ரொம்ப நாள் ஒளிந்துகொண்டேன். ஜே-9-ஐ வைத்துப் புதிதாக எதுவும் எழுதவில்லை, ஆனால் பழையதைத் திரும்பப் பெறவும் இல்லை. என் பக்கத்தில் முதல் வரி அப்படியே இருந்தது. இடையில், அப்பா கையால் எழுதிய அந்த நாலு குப்பிகளில் மூன்றை ஒவ்வொன்றாக எடுத்து உருக்கி வளர்த்துப் பார்த்தேன். அவை அந்தப் பதினாறாம் நாளுக்கு முன்னால் உறைய வைத்தவை, கலப்பு இருக்காது. மூன்றும் எழவில்லை. மூன்றாவது குடுவையைக் கழுவுதொட்டியில் கொட்டிய அன்று, அப்பா இறந்ததற்கு நான் அழாத அழுகையை அழுதேன்.

போன வாரம் உன் பக்கம் வந்தது. மறுநாள் காரை எடுத்துக்கொண்டு சிம்பாங் ரெங்கம் போனேன். கலைவாணி இப்போது ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை, உட்காரச் சொன்னாள், தே ஓ, அந்தப் பால் இல்லாத தேநீர், கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள், தான் மட்டும் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அது என் புருஷன் என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னேன். தப்பு என்னுடையது, மன்னித்துவிடு என்றேன். அவள் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கு மன்னிப்பெல்லாம் வேணாம் டாக்டர். எனக்குக் கை சரியில்லன்னு எழுதுனீங்கல்ல, நான் அதை நம்பிட்டேன். இத்தனை வருஷம் நம்பிட்டேன். நான் சொன்னது சரின்னு எழுதிக் குடுங்க, எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுங்க."

அதனால்தான் இது திறந்த கடிதம். இதன் பிரதி அவளுக்குப் போகிறது, பல்கலைக்கழகத்துக்குப் போகிறது, வாங்கிக்கொண்டுபோன மூன்று ஆய்வுக்கூடங்களுக்கும் போகிறது. கட்டுரைகளைத் திரும்பப் பெறும்படி பத்திரிகைகளுக்குத் தனியாக எழுதி நேற்றே அனுப்பிவிட்டேன், நீ படித்துவிட்டு, அவசரப்படாதீங்கம்மா என்று தடுக்க வழி இல்லாமல். என் பெயர் கெடும், உன் அம்மா என்பதால் உன் பெயரிலும் கொஞ்சம் தெறிக்கும். பினாங்கில் முதல் நாளே யாராவது உன்னைப் பார்த்துக் குசுகுசுப்பார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. கலைவாணி சொன்னது சரி. அவள் கை சரியாகத்தான் இருந்தது, கண் என்னுடையதைவிடச் சரியாக இருந்தது. அவளுக்குப் பட்டம் இப்போதாவது கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கிறேன், கிடைக்காது என்றுதான் தோன்றுகிறது.

உனக்குப் புத்தி சொல்லுகிற யோக்கியதை எனக்கு இல்லை, ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். உனக்கும் மாணவர்கள் வருவார்கள். அவர்களில் வாயைத் திறக்கவே பயப்படுகிற ஒன்று, என்றாவது வாசலில் வந்து நின்று, இது சரியாகப் படவில்லை என்று சொல்லும். அன்றைக்கு உன் வீட்டில் என்ன நடந்திருந்தாலும் சரி, எழுந்து போய் மைக்ராஸ்கோப்பில் பார். பார்த்துவிட்டு அப்புறம் கோபப்படு.

இந்த மாதக் கடைசியில் நான் ஓய்வு பெறுகிறேன். உறைபனித் தொட்டியைக் காலி செய்து அடுத்து வருகிறவருக்குக் கொடுக்க வேண்டும். ஜே-9 என்று எழுதிய குப்பிகளையெல்லாம் அழித்துவிட்டேன். நாலாவது குப்பி மட்டும் இருக்கிறது, அதைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வா. உள்ளே உயிரோடு ஏதும் இருக்கும் என்று எதிர்பார்க்காதே, மற்ற மூன்றும் போன மாதிரி இதுவும் போயிருக்கும். செத்திருந்தாலும் டி.என்.ஏ. இருக்கும். எங்கள் கூடத்தில் எல்லாரும் ஒன்பதின் வாலை நேராக இழுப்போம். அந்த லேபிளில் மட்டும் வால் சுருண்டிருக்கும், உன் பள்ளிக்கூட நோட்டு அட்டைகளில் அவர் போட்டுக் கொடுப்பாரே, அதே ஒன்பது. ஆனால் எழுத்தைப் பார்த்து நம்பிவிடாதே. நான் சொல்கிறேன் என்றும் நம்பாதே. ஒரு துளி எடுத்து, உன் கன்னத்திலிருந்தும் எடுத்து, இரண்டையும் நீயே சோதித்துப் பார். பொருந்தினால், அதற்கப்புறம் அப்பா என்று சொல்.

அம்மா